பதநீருக்கு ஒரு பயணத் திட்டம்

மாசி பிறந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. விக்கிரவாண்டிப் பக்கம் பாளை விட்டாயிற்றா, கலயம் கட்டிவிட்டார்களா என்று தெரிந்தவர்களையெல்லாம் போன் போட்டுத் துளைத்தெடுத்துவிடுவேன். கட்டியாயிற்று என்ற பதில் வந்ததோ இல்லையோ, பை தயாராகிவிடும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர்கூட இராது. பெரும்பாலானவர்கள் அந்தத் தூரத்தைக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் மட்டும் இறக்கி, அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். நான் சொல்கிறேன், அந்த அரை மணி நேரத்துக்குள் உலகத்தின் அருமையான பானம் ஒன்று விளைகிற நாடு இருக்கிறது. அதற்கென்று நாள் பார்த்து, திட்டம் போட்டு, ராத்தங்கி வர வேண்டும்.

இப்படி முறையாகத் திட்டம் போடலாம் என்ற எண்ணத்தை எனக்குக் கொடுத்தது பிரான்ஸ்தான். என் மைத்துனர் பாரிசில் இருக்கிறார். புதுச்சேரிக் குடும்பங்களில் ஒருவராவது பாரிசில் இருப்பது அதிசயம் இல்லை. அவருக்கு ஒயின் என்றால் உயிர். "மாமா, ஒரு தடவை செப்டம்பர்ல வாங்க, பர்கண்டிக்குப் போகலாம்" என்று அழைத்து, பெரிய பயணத் திட்டம் ஒன்றை அனுப்பினார். திஜோனிலிருந்து சாந்தனே வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளும் திராட்சைத் தோட்டச் சாலை. 1937லேயே அதை ஒயின் சாலை என்று அறிவித்து, வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்களாம். அந்தத் தோட்டத் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வரப்பு ஒன்றைத் தாண்டினால் மண் மாறும், மண் மாறினால் ஒயின் மாறும், ஒயின் மாறினால் பெயர் மாறும். எந்த மாதம் அறுவடை, எந்த ஊரில் தங்குவது, எந்தத் தோட்டத்தில் காலையில் சுவைப்பது, அதோடு எந்தப் பாலாடைக்கட்டியைத் தின்பது என்று வரிவரியாக எழுதியிருந்தார்.

அதை வாசிக்க வாசிக்க எனக்குச் சிலிர்த்தது. ஒவ்வொரு வரிக்கும் நேரே எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றை எழுத முடிந்தது. அறுவடை மாதம் இருக்கிறது, மண் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்த கைகள் இருக்கின்றன. கூடத் தின்பதற்கு மல்லாட்டை இருக்கிறது. (வேர்க்கடலை என்று நீங்கள் சொல்வதை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்.) சாலைகூட இருக்கிறது. அதற்கு மிகப் பழைய வழிகாட்டி நூலே இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. ஒயினைப் புட்டியில் அடைத்துக் கப்பலேற்றி நம் வீட்டு வாசலுக்கே அனுப்பிவிடலாம். பதநீர் அப்படி வராது. விடிகாலையில் மரத்திலிருந்து இறங்கியதை வெயில் ஏறுமுன் குடித்தாக வேண்டும். அது நம்மிடம் வராது, நாம்தான் அதனிடம் போக வேண்டும். பயணம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேறு எந்தப் பானத்துக்கு இருக்கிறது?

மைத்துனர் ஊருக்கு வந்த பங்குனியில் என் திட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். சிரிப்பார் என்று நினைக்கவே இல்லை, அவரும் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா. "எத்தனை மணிக்கு இறக்குவாங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் போனோம். தமிழ்நாட்டில் பனை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். பனையேறிகள் ஊர் கூடிப் பனைத் திருவிழா நடத்துகிற மண் இது. பொழுது விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஏரிக்கரையிலும் வரப்பிலும் வரிசை பிடித்து நிற்கிற பனைகள் முதலில் கருப்பாகத் தெரிந்து, பிறகு சாம்பலாகி, கிழக்கு வெளுக்க வெளுக்க ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. மேலே ஓலை உரசுகிற சத்தத்தோடு "சரக், சரக்" என்று இன்னொரு சத்தம். பாளை சீவுகிறார்கள்.

பாளை சீவுவதைக் கிட்ட நின்று பார்க்க முடியாது, அது நம் தலைக்கு மேலே பல ஆள் உயரத்தில் நடக்கிறது. ஆனால் பனையேறி அண்ணன் கீழே இறங்கியதும் அரிவாளைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். முகம் மழிக்கிற கத்தியை விடக் கூர். அப்படி இருந்தால்தான் வேலை நடக்கும். பாளையின் நுனியை ஒரு தாள் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்து பருவம் குறுகிவிடும். சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். அதனால் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, பருவம் முழுக்க ஒரு நாள் தவறாமல் ஏறியே ஆக வேண்டும். காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு, மார்பை மரத்தோடு அணைத்து, இடுப்பில் அரிவாளும் சுண்ணாம்பும் கலயமுமாக. ஒரு மரம் ஏறி இறங்கினாலே நமக்குப் பேச்சு வராது. இவர்கள் ஒரே காலையில் பல மரம் ஏறிவிட்டு, இறங்கி வந்து நம்மை "வாங்க சார்" என்று சிரித்தபடி கூப்பிடுகிறார்கள். அந்த உழைப்புக்கு முன்னால் நான் கைகூப்பத்தான் முடியும்.

சாறு வடிய வைப்பதற்கும் பக்குவம் உண்டு. பாளை விட்டதும் அதைக் கிடுக்கி போட்டு நாள்தோறும் மெல்ல மெல்ல நசுக்கிப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் பாளை பட்டுப்போகும். ஆண்பனைக்கு ஒரு பக்குவம், பெண்பனைக்கு வேறு. மரத்துக்கு மரம் குணம் மாறும் என்றார் அண்ணன். "அந்தக் கரைமேட்டு மரம் தித்திப்பு ஜாஸ்தி. இது தண்ணி காட்டும். மழை பேஞ்சா எல்லாமே தண்ணி காட்டும்." மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பர்கண்டியில் தோட்டக்காரர் சொன்ன அதே பேச்சு இது, துண்டு நிலத்துக்குப் பதிலாகத் தனித்தனி மரம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டுகிற சாறு சர்க்கரை நிறைந்தது. காற்றில் இருக்கிற ஈஸ்ட் அதன்மேல் உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் நொதிக்கத் தொடங்கிவிடும். அதுதான் கள். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட்டைச் செயல்படவிடாமல் நிறுத்திவைக்கிறது. அதுதான் பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு, நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. எவ்வளவு தடவ வேண்டும் என்பதற்குத் தராசு கிடையாது, விரல்தான் அளவு. அதிகமானால் வாய் வெந்துவிடும், குறைந்தால் புளித்துவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987இலிருந்து தடை இருக்கிறது. நாங்கள் தேடிப் போனது பதநீர்தான், அதுவே எங்களுக்கு வேண்டிய மட்டும் இருந்தது.

இனி, அந்த முதல் வாய். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து நம் இரண்டு கைகளிலும் கொடுத்துவிடுகிறார்கள். மேலிருந்து ஊற்ற ஊற்ற நுரை பொங்கிப் பட்டையின் விளிம்பு வரை வந்து அடங்கும். வாயை வைத்தால் முதலில் வருவது சுவை இல்லை, வாசனை. பச்சை ஓலை வாசனை, அதற்கடியில் ஈர மண்கலய வாசனை. பிறகு இனிப்பு. சர்க்கரைத் தண்ணீர்போல நாக்கு நுனியில் அறைகிற இனிப்பு இல்லை. நாக்கு முழுக்கப் பரவி, தொண்டையில் இறங்கி, இறங்கின பிறகும் நிற்கிற இனிப்பு. கடைசியில் சுண்ணாம்பின் மெல்லிய உறைப்பு ஒன்று வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும், அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். இதை எத்தனை முறை குடித்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. மைத்துனர் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார், கண்ணை மூடினார், மெதுவாக விழுங்கினார். அப்புறம் கரைமேட்டு மரத்துப் பதநீரைத் தனியாகக் கேட்டு வாங்கிக் குடித்தார். "மாமா, வித்தியாசம் தெரியுது!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வரப்பில் இருந்த கொக்குகள் எழும்பிவிட்டன.

"வெயிலு ஏறங்காட்டியும் குடிச்சிடுங்க சார்" என்று அண்ணன் மறுபடியும் ஊற்றினார். வேகவைத்த மல்லாட்டையை ஒரு முறத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். உப்புப் போட்டு வெந்த பச்சை மல்லாட்டையின் மாவுச்சுவையும் பதநீரின் தித்திப்பும் சேர்கிற சேர்க்கையை நான் எந்த விருந்திலும் கண்டதில்லை. திண்டிவனத்தின் செம்மண் மல்லாட்டைக்குப் பேர்போனது. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. விவசாயிகள் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற டிஎம்வி ரகங்கள் எல்லாம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. பதநீர்ப் பருவமும் கிணற்றுப் பாசன மல்லாட்டை பறிக்கிற பருவமும் சித்திரையில் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதோடு நுங்கும். சித்திரை முதல் பத்து நாளில் ஒருவர் இங்கே வந்தால் மூன்றும் ஒரே காலையில் கிடைக்கும். என் திட்டத்தில் அந்த நாட்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

வெயில் ஏறிய பிறகு பதநீர் காய்ச்சுகிற இடத்துக்குப் போக வேண்டும். இதை விட்டுவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. அகலமான கொப்பரையில் பதநீரை வடிகட்டி ஊற்றி, காய்ந்த பனமட்டையையே அடுப்பில் தள்ளி எரிக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையில் நிற்கிறார்கள், மணிக்கணக்காக, புகையிலும் அனலிலும். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை சட்டென்று அடங்கும். வெள்ளையாக இருந்தது பொன்னிறமாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்துப் பாகாகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் இறக்கிக் கிண்டி, கொட்டாங்குச்சியில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஒரு கிலோ பனைவெல்லத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அடிக்கொப்பரையில் ஒட்டின சூடான பாகை ஓலைத்துண்டால் வழித்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தென்பாண்டிச் சீமையின் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பனைவெல்லத்துக்கும் அப்படியொரு நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒயின் புட்டியில் தோட்டக்காரரின் பெயர் அச்சாகியிருக்கிறது. பனைவெல்லத்தின் ஓலைப்பெட்டியிலும் ஏறினவர் பெயரும் காய்ச்சினவர் பெயரும் ஏறட்டும்.

வழிகாட்டி நூல் என்றேனே, அது சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடன். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் ஒருவன், எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான்: இப்படிப் போ, இந்த ஊரில் தங்கு, அங்கே இது கிடைக்கும் சாப்பிடு என்று. இதைப் பயணத் திட்டம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அதில் வருகிற கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தின் கிடங்கல்தான். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் என்பது உப்புவேலூர் என்றும், ஆமூர் என்பது நல்லாமூர் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். எல்லாமே திண்டிவனத்தைச் சுற்றி ஒரு நாளில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்.

புலவர் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. எயிற்பட்டினத்துக் கடற்கரையில் நுளையர் என்னும் மீனவர் வீட்டுப் பெண் வடித்துக் கொடுத்த நாள்பட்ட தேறல் (தெளிந்த கள்), அதற்குத் தொட்டுக்கொள்ள நெருப்பில் சுட்ட உலர்ந்த குழல்மீன். அந்த நெருப்புக்கு விறகு, கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம். அது கரையில் கிடந்த கிடப்பு ஒட்டகம் படுத்து உறங்குவதைப்போல இருந்ததாம். வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் (காட்டுப் பசு) கறியும். ஆமூரில் தீட்டிய வெள்ளரிசிச் சோறும் நண்டும். கடைசியில் அரசனின் வாசலில் வீமனின் சமையல் நூல் சொன்னபடி ஆக்கிய விருந்து. கூடவே சீறுகிற பாம்பின் வேகம் கொண்ட தேறல். எந்த ஊரில் எந்த உணவு, எதோடு எந்தப் பானம் என்று எழுதிவைத்த நூல், பர்கண்டியில் பலகை நடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே எங்கள் திண்டிவனத்துக்கு இருந்திருக்கிறது! பிரெஞ்சு திட்டத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த அடிகளை மைத்துனருக்குப் பொருள் சொன்ன சாயங்காலம் என் வாழ்க்கையின் மகிழ்ச்சியான நேரங்களில் ஒன்று.

ஆகவே இரண்டாம் நாளை மரக்காணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் பனை. கடல் நெருங்க நெருங்க வயல் முடிந்து உப்பளம் தொடங்கும். பாத்தி பாத்தியாகத் தேங்கின நீரில் வானம் தெரியும், ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள். பக்கத்திலேயே 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. மாசியில் போகிறவர்களுக்கு வலசைப் பறவைகளும் கண்ணில் படும். ஊருக்குள் சோழர் கல்வெட்டுகள் உள்ள பூமீசுவரர் கோயில். மதியம் கடற்கரைப் பக்கம் நல்ல மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும். நூலில் சொன்ன நண்டுக்கு ஆசைப்பட்டால் அதுவும் கிடைக்கும். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற பழைய கடல்வழி நூலில் சொபட்மா என்றொரு துறைமுகம் வருகிறது. அது மரக்காணமாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் பலர்.

அரிக்கமேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைத்துனருக்காகவே இதைத் திட்டத்தின் கடைசியில் வைத்தேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அதற்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மேடு. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் அங்கே மண்ணுக்குள் இருந்து வந்தன. கிரேக்கத்துக் கோஸ் தீவு வகைச் சாடிகளும் அவற்றில் உண்டு. கோஸ் ஒயின் கடல்நீர் கலந்து செய்வது. ஐரோப்பிய ஒயின் நாட்டுக்கு நாம் போவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே அந்த ஒயின் கப்பலேறி நம் வாசலுக்கு வந்திருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்த உடைசல்களின் முன்னால் மைத்துனர் நின்ற நேரத்துக்குள் நான் மற்ற கூடங்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தங்குவதற்கு விழுப்புரம் நல்லது. பெரிய ரயில் சந்திப்பு, எந்தத் திசையிலிருந்தும் வண்டி உண்டு, லாட்ஜுகளுக்கும் பஞ்சமில்லை. பாசஞ்சர் வண்டியில் வந்தால் திண்டிவனம் தாண்டியதும் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பனைகளை எண்ணிக்கொண்டே வரலாம். ஜன்னலோர இடம் பிடித்துவிடுங்கள். முதல் நாள் மாலையே பனையேறியிடம் சொல்லிவைப்பது அவசியம். இறக்குகிறது அளவாகத்தான் இருக்கும், பெரும்பங்கு காய்ச்சப் போய்விடும். ஆறு மணிக்குள் மரத்தடியில் இருங்கள். ராத்திரி மழை பெய்திருந்தால் அந்தக் காலையை விட்டுவிட்டு மயிலம் மலைக்கோ செஞ்சிக்கோட்டைக்கோ போய்வந்து, மறுநாள் குடியுங்கள். விலை பேசாதீர்கள்; கேட்டதற்கு மேலேயே கொடுங்கள். புட்டியில் நிரப்பி ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கொண்டுபோக வேண்டியது பனைவெல்லம், அதுவும் காய்ச்சுகிற இடத்திலேயே வாங்கியது. உடைத்தால் உள்ளே மணல்போலப் பொரிந்து, மெல்லிய புகை மணத்தோடு இருக்க வேண்டும்.

பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று அரசு 2021இல் அறிவித்தது, பனைவிதை கொடுப்பதற்கும் திட்டம் வந்தது. ஆனால் ஒரு பனை பாளை விட்டுச் சாறு தர 12, 15 ஆண்டு காத்திருக்க வேண்டும். இப்போது நிற்கிற மரங்கள் நம் தாத்தாக்களும் அவர்களுக்கு முந்தினவர்களும் விட்டுப்போனவை. அவற்றில் ஏறத் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் படித்து முடித்த பிறகும் ஏறுகிறார்கள் என்பதைப் பூரிகுடிசைப் பக்கம் நேரில் கண்டேன். அவர்களிடம் நாலு பேர் கூடுதலாக வந்து பட்டை நீட்டினால் அவர்கள் ஏறுவதற்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

செப்டம்பரில் நான் பர்கண்டிக்குப் போகிறேன். மைத்துனர் தங்குகிற இடம் வரை ஏற்பாடு செய்துவிட்டார். பெட்டியில் இரண்டு ஓலைக்கொட்டான் பனைவெல்லம் வைத்திருக்கிறேன், தோட்டக்காரருக்கு ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று. சித்திரையில் அவர்களும் விழுப்புரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரத்துக்குக் கரைமேட்டு மரத்தை இப்போதே அண்ணனிடம் சொல்லிவைத்துவிட்டேன்.